கொளுத்திக் காட்டிய பூ

துஷாந்தியின் குசினியில் அடுப்புக்கு எதிர்ப்பக்கம் ஒரு பழைய அலுமாரி நிற்கிறது. மேல் தட்டில் அரிசி, பருப்பு, தூள் போத்தல்கள். கீழ்த் தட்டு முழுக்க வெறும் ஐஸ்கிரீம் பெட்டிகள். ஒவ்வொரு மூடியிலும் கடதாசி ஒட்டிப் பெயர் எழுதியிருப்பாள். கொடுவா. விளைமீன். மணலை பெரிசு. மணலை சின்னன். அவளுடைய தூரத்து மாமி ஒருவர் கறிக்குக் கருவாடு எடுக்கலாமென்று ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே கையை விட்டு, நகத்துண்டுகள் என்று நினைத்து மூடியைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடியதை துஷாந்தி எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறாள்.

பெட்டிகளில் இருப்பது மீன் செதிள். அவள் அதில் பூச் செய்கிறவள்.

செதிள் அவளுக்குத் தாயிடமிருந்து வருகிறது. தாய் இரத்தினேஸ்வரி எங்கள் ஊரான சல்லியின் கடற்கரையில் படகு வந்ததும் மீன் வாங்க வருகிறவர்களுக்கு வெட்டிக் கொடுப்பார். முன்பெல்லாம் செதிளை மணலில் தட்டிவிடுவார், காகம் பார்த்துக்கொள்ளும். இப்போது ஒரு வாளியில் சேர்த்துக் கொண்டுவருகிறார். துஷாந்தி அதை உப்புப் போட்டுத் தேய்த்து, தேசிக்காய்ப் புளியில் ஊறவைத்து, ஏழெட்டுத் தண்ணீரில் அலசி, நிழலில் பத்திரிகை விரித்துக் காயவைப்பாள். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும். காய்ந்த பிறகு மணம் இருக்காது. மெல்லிய செப்புக் கம்பியில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்டினால் கொடுவாச் செதிளில் தாமரை வரும், மணலைச் செதிளில் மல்லிகை வரும். மல்லிகைக்குச் சாயம் தேவையில்லை. செதிளின் நிறமே போதும்.

எங்கள் இரண்டு வீடும் ஒரே ஒழுங்கையில். முதலாம் ஆண்டிலிருந்து ஒரே வகுப்பு. உயர்தரப் பரீட்சையும் ஒன்றாகத்தான் எடுத்தோம். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி எனக்கு வெட்டுக்கு மேலே சிறிது நின்றது, அவளுக்குக் கீழே சிறிது நின்றது. இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளி, அவள் சொன்னதுபோல, ஒரு செதிளின் தடிப்புக்கூட இல்லை. நான் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் ஆனேன். அவள் இரண்டாம் முறை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று நான் கேட்கவுமில்லை. அப்போது எனக்குக் கேட்க நேரமில்லாமல் இருந்தது.

அவள் செய்த முதல் செதிள் பூ எனக்குத்தான். என் பட்டமளிப்புக்குச் சேலையில் குத்திக்கொள்ள ஒரு வெள்ளைத் தாமரை. அன்றைக்கு எத்தனை பேர் எந்தக் கடை என்று கேட்டார்கள். நான் கொஞ்சம் நிறுத்தி, "மீன் செதிள்" என்று சொல்லுவேன். அவர்கள் கண் விரிவதைப் பார்ப்பேன். ஒரு விரிவுரையாளர் கிட்ட வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். வீட்டுக்கு வந்து துஷாந்தியிடம் அதை ஒவ்வொருவராகச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு கேட்டிருந்தாள். பிறகு, "பூ வடிவாயிருக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே?" என்றாள். சொன்னார்கள் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு ஞாபகமில்லை.

பட்டம் கிடைத்து மூன்று வருடமாகிறது. வேலைக்கு விண்ணப்பித்தபடி இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் துஷாந்தி வீட்டுக்குப் போவேன். குறிஞ்சாக்கேணியிலிருந்து பஸ்மியாவும் வருவாள். அவள் என் கம்பஸ் சிநேகிதி, இப்போது துஷாந்திக்கு என்னைவிடச் சிநேகிதி. மருதோண்டி போடுவதில் கிண்ணியாவில் அவளை விட்டால் ஆளில்லை. தொப்பிக்கும் பிள்ளைகளின் சட்டைக்கும் பூவேலை செய்வாள். குசினிக் கதிரையில் ஒருத்தி ஊசியோடு, பாயில் மற்றவள் கம்பியோடு. நான் தேத்தண்ணி போடுவேன். எனக்குக் கைவேலை எதுவும் வராது. ஒருமுறை செதிள் கட்டிப் பார்த்தேன். இரத்தினேஸ்வரி அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கம்பஸ், இது என்ன, நண்டோ?" என்றார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு நாளாகிவிட்டது.

நான் செய்தது ஒன்றுதான். துஷாந்தியின் பூக்களுக்கு முகநூலில் ஒரு பக்கம் தொடங்கினேன். படம் எடுத்து, கீழே நாலு வரி எழுதிப் போடுவேன். நிலாவெளியிலிருந்தும் டவுனிலிருந்தும் ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். துஷாந்தி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். என்னத்தால் செய்தது என்று எழுதக்கூடாது. கேட்கிறவர்களுக்குத் தானே சொல்லுவாள்.

அவள் வெட்கப்படுகிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். தாய் மீன் வெட்டுகிறவர், வீடு மீன் மணம், அதை மறைக்கிறாள் என்று. கம்பஸில் நான் படித்ததெல்லாம் எனக்கு அப்படித்தான் பார்க்கச் சொல்லித் தந்தது. ஒருவர் எதையாவது சொல்லாமல் விட்டால் அதற்குப் பின்னால் ஒரு காயம் இருக்கவேண்டும், அதை நாங்கள் போய்த் திறந்துவிட வேண்டும். அவளிடமே கேட்டிருக்கலாம். பாயில் இரண்டடி தள்ளித்தான் இருந்தாள்.

போன ஆவணியில் ஜெயரூபிக்குக் கலியாணம். எங்களோடு படித்தவள். சடையில் தலையிலிருந்து நுனிவரை மல்லிகை வைத்த ஒரு சடையலங்காரம் வேண்டுமென்று துஷாந்தியிடம் கேட்டாள். எங்கள் முகநூல் பக்கத்தில் பார்த்ததுதான், அந்த வெள்ளை, அந்த மினுக்கம், அப்படியே வேண்டும் என்றாள்.

இதில் ஜெயரூபியின் ஆசையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. மணப்பெண் அலங்காரம் செய்கிற பவளராணி அக்கா துஷாந்தியைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார். டவுனிலும் சுற்றுவட்டாரத்திலும் கோயில் கலியாணம் என்றால் பெரும்பாலும் அவர்தான். இந்தச் சடை கோயிலில் சரியாக நின்றால் இனித் தன்னுடைய எல்லாக் கலியாணப் பொம்பிளைகளுக்கும் துஷாந்திதான் பூ என்று சொல்லியிருந்தார். துஷாந்தி அதை எங்களிடம் சொன்னபோது கையில் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள், ஆனால் கட்டவில்லை. "ஒருத்தரும் வீட்டை தேடி வர வேண்டாம், நான் தேடிப் போக வேண்டாம். மாசத்துக்கு நாலு சடை. காணும்தானே?" என்றாள். அவள் தனக்காக எதையாவது கேட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஒரு மாதம் அதிலேயே இருந்தாள். அந்த மாதம் பஸ்மியாவுக்குச் சொந்தத்தில் ஒரு நிக்காஹ், அவள் வரவில்லை. எனக்குக் கொழும்பில் இரண்டு நேர்முகப் பரீட்சை. கலியாணத்துக்கு முந்தின நாள் பின்னேரம்தான் போனேன். சடை முடிந்து, சாமியறைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில், மஞ்சள் நீரில் நனைத்துக் காயவைத்த துணியில் கிடந்தது. முந்நூற்று அறுபது பூ. மொட்டு, பாதி விரிந்தது, முழுக்க விரிந்தது என்று மேலிருந்து கீழே போகப் போகச் சிறுத்து, கடைசியில் ஒரு குஞ்சம். நான் வாசலில் நின்றுவிட்டேன்.

"கிட்ட வா. ஆனா தொடாதை," என்றாள். "உனக்கு இப்ப சுகமில்லாத நாள்தானே."

அப்படித்தான் இருந்தது. அவளுக்கு என் திகதிகூடத் தெரிந்திருந்தது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். ஃபோனில் இருபது படம் எடுத்தேன். அவள் குளித்துவிட்டுத் தலையில் துவாய் கட்டியிருந்தாள். அந்தச் சடையைக் கட்டிய மாதம் முழுக்கக் காலையில் குளித்த பிறகுதான் தொட்டதாகத் தாய் சொன்னார். வீட்டில் அந்த மாதம் மீன் சமைத்த நாளும் குறைவு. இதெல்லாம் என் காதில் விழுந்தது. நான் சல்லியில் பிறந்து வளர்ந்தவள். கோயிலுக்கு மீன், மச்சம் போகாது, மச்சம் புழங்கின கை கோயில் சாமானைத் தொடாது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மன் கோயில் பொங்கல் காலத்தில் எங்கள் ஒழுங்கையே மீன் சட்டியைக் கவிழ்த்து வைக்கும். இதெல்லாம் தெரிந்த நான், அவள் செதிளைத்தான் கோயிலுக்கு அனுப்புகிறாள் என்று நினைத்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோசம்கூட இருந்தது. என்ன தைரியம் என்று நினைத்தேன். அவளுக்கு இல்லாத ஒரு தைரியத்தை நான் கொடுத்துவிட்டேன்.

கலியாணத்தன்று காலை டவுன் பஸ்ஸில் இருந்தபடி எழுதினேன். தாய் கடற்கரையில் வெட்டிய மீனின் செதிள், மகள் கையில் மல்லிகையாகி, இன்று ஒரு மணப்பெண்ணின் சடையில் அம்மன் சந்நிதிக்குப் போகிறது என்று. கடைசியில் கடல், கோயில், உழைப்பு என்றெல்லாம் இன்னும் மூன்று வரி. நன்றாக வந்திருந்தது. நான் எழுதியதில் அதுதான் நன்றாக வந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். துஷாந்தியின் நிபந்தனை எனக்கு ஞாபகமிருந்தது. சிலருக்கு இது சுடும் என்றும் தெரியும். சுடட்டும் என்று நினைத்தேன். அங்கே வருகிற எல்லாரும் மீன் தின்கிறவர்கள்தானே.

படத்தைப் போட்டு இரண்டு நிமிடத்தில் பஸ்மியா கீழே எழுதினாள். "இது செதிள் மாதிரி இல்லயே புள்ள."

நான் சிரிக்கிற முகம் ஒன்று போட்டு, "செதிள்தான்" என்று பதில் எழுதினேன்.

கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் பெண்ணைச் சோடித்து வெளிக்கிடுத்துகிற அறை. பவளராணி அக்கா சடையைப் பின்னி முடித்திருந்தார். துஷாந்தி பின்னால் முழங்காலில் நின்று அலங்காரத்தைக் கொண்டைக் கிளிப்பால் மேலிருந்து கீழே பொருத்திக்கொண்டு வந்தாள். ஜெயரூபி கண்ணாடியில் பின்பக்கம் பார்க்க இன்னொரு கண்ணாடியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஆலாத்தித் தட்டு மேசையில் இருந்தது, நான் எதையும் தொடாமல் கதவடியில் நின்றேன். முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம் இருந்தது. பவளராணி அக்கா இரண்டடி பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது போதும்," என்றார். துஷாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய கழுத்தெல்லாம் வேர்வை.

அப்போது மாப்பிள்ளையின் பெரியம்மா வந்தார். மாப்பிள்ளை பகுதி தம்பலகாமம், வயற்காரர். இந்தச் சம்பந்தம் பேசும்போதே கடற்கரைப் பெண் என்று அந்தப் பக்கம் ஒரு கதை ஓடியதென்று எங்களுக்குத் தெரியும். அவர் கையில் யாரோ ஒரு பெண்பிள்ளையின் ஃபோன். சத்தம் போடவில்லை. ஃபோனை ஜெயரூபியின் தாயிடம் நீட்டி, இதில் எழுதியிருக்கிறது உண்மையா என்று மட்டும் கேட்டார். ஜெயரூபியின் தாய் வாசித்துவிட்டு துஷாந்தியைப் பார்த்தார். ஃபோன் கை மாறி துஷாந்தியிடம் வந்தது. அவள் வாசித்தாள். வாசித்து முடித்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. விளங்காத ஒன்றைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இது துணி," என்றாள். "ஓர்கன்சாத் துணி. வெட்டி, மெழுகுதிரியில விளிம்பு காட்டிச் சுருட்டினது. கோயிலுக்குப் போற சாமானில ஆராவது செதிள் வைப்பினமோ?"

அப்போதும் நான் சடையைத்தான் பார்த்தேன். அது செதிளாகவே தெரிந்தது.

பெரியம்மா, அப்படியென்றால் இது என்ன என்று ஃபோனைக் காட்டினார். நான் முன்னால் வந்து, நான்தான் எழுதினேன், பிழையாக எழுதிவிட்டேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கள் கம்பஸ் படிச்ச பிள்ளையெல்லோ? இவவின்ர சிநேகிதி. நீங்கள் தெரியாமலோ எழுதினனீங்கள்?"

நான் திரும்பத் திரும்பப் பிழை, பிழை என்றேன். சொல்லச் சொல்ல அது ஒரு சமாளிப்பாக எனக்கே கேட்டது. படிக்காத ஒருத்தி எழுதியிருந்தால் நம்பியிருப்பார்கள் போல.

துஷாந்தி சடையின் அடியிலிருந்து ஒரு பூவைக் கழற்றினாள். மேசையிலிருந்த ஆலாத்தித் தட்டில் நெருப்புப்பெட்டி இருந்தது. எடுத்துப் பற்றவைத்து, பூவைக் கம்பியில் பிடித்துக் கொளுத்தினாள். பூ சுருங்கி, கறுத்து, ஒரு மணி போல உருண்டது. "மணந்து பாருங்கோ அம்மா. செதிளெண்டால் மயிர் கருகின மணம் வரும். இது பிளாஸ்ரிக் மணம்."

பெரியம்மா மணந்து பார்த்தார். நியாயமாகத்தான் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஓம், இது துணிதான். மற்றப் பூவுகள்?"

துஷாந்தி இரண்டாவதைக் கழற்றினாள். கொளுத்தினாள். மூன்றாவதைக் கழற்றும்போது ஜெயரூபியின் தாய் அவள் கையைப் பிடித்தார். "காணும் பிள்ளை. மங்கலமான இடத்தில கருக்காதை."

அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. நம்ப வைப்பதென்றால் முந்நூற்று அறுபதையும் கொளுத்த வேண்டும். கொளுத்தினால் சடையில்லை. ஜெயரூபி தனக்கொரு பிரச்சினையும் இல்லை, இதுவே இருக்கட்டும் என்றாள், இரண்டு தரம் சொன்னாள். மூன்றாம் தரம் சொல்லவில்லை. அவள் அந்த வீட்டுக்குத்தான் போகவேண்டும். பவளராணி அக்கா கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார். யாரோ சந்தைக்கு ஓடி நிஜ மல்லிகைச் சரம் வாங்கி வந்தார்கள். முகூர்த்தத்துக்கு நேரம் பிந்தவில்லை. நான் கோயில் வாசலுக்கு வெளியே நின்று பார்த்தேன். தாலி கட்டும்போது மேளம் அடித்தது, எல்லாரும் பூப் போட்டார்கள். துஷாந்தியும் போட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் சடையை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுத விருப்பமில்லை, கனக்கக் கதைத்தேன். பஸ் உப்புவெளி தாண்டியது. அவள் யன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எழுதினது போகட்டும். உனக்குத் தெரியேல்லையா?"

"என்ன?"

"மூண்டு வருசமா என்ர பூவைப் பாக்கிறாய். படம் எடுக்கிறாய், எழுதிறாய். செதிளும் துணியும் உனக்கு ஒண்டாத் தெரிஞ்சுதா?"

நான் அவள் மடியிலிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தேன்.

பஸ்மியா படத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தாள். செதிளுக்கு நடுவிலிருந்து விளிம்புவரை வளையம் வளையமாக மெல்லிய கோடு ஓடுமாம், துணியில் குறுக்கும் நெடுக்கும் இழை தெரியுமாம். மருதோண்டி போடுகிறவளுக்குக் கோடுதானே தொழில். "நான் எழுதினேனே புள்ள, நீ பாக்கல்லயா?" என்று ஃபோனில் கேட்டாள். பார்த்தேன் என்று சொல்ல வேண்டியிருந்தது.

அன்று பின்னேரமே திருத்தம் போட்டேன். அது துணிப் பூ, என் தவறு, துஷாந்திக்கு இதில் சம்பந்தமில்லை என்று தெளிவாக எழுதினேன். முதல் பதிவைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பார்க்கவில்லை. பார்த்தவர்களில் ஒருவர், பிடிபட்ட பிறகு கதையை மாத்துகினம் என்று கீழே எழுதினார். முதல் பதிவை அழித்தேன். அதற்குள் அது படமாகி எத்தனையோ ஃபோனுக்குப் போயிருந்தது. பக்கத்தையே மூடிவிடவா என்று துஷாந்தியிடம் கேட்டேன். "உன்ர விருப்பம்," என்றாள். அவளுடைய பூக்களின் பக்கம். என் விருப்பமாம்.

பவளராணி அக்காவிடம் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா மரியாதையாக இருத்தி, தேத்தண்ணி தந்து கதைத்தார். அந்தச் சடையைப் போல ஒன்று தன் கையால் வைத்ததில்லை என்றார். "நான் நம்புறன் பிள்ளை. எனக்குத் துணி தெரியாதோ? ஆனா பொம்பிளை வீட்டுக்காரர் என்னட்டையெல்லோ கேப்பினம். ஒவ்வொரு கலியாணத்திலையும் ஒரு பூவைக் கொளுத்திக் காட்ட ஏலாதுதானே." அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க நான் வீடுவரை யோசித்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரிந்தது எழுத்துத்தான். ஒரு சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்து, கோயில் பூக்கள் துணியால் மட்டுமே செய்யப்படுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். வாசகமும் எழுதிக்கொண்டு போனேன். துஷாந்தி வாசித்துவிட்டு அந்தக் கிழமை முதன்முதலாகச் சிரித்தாள். "பூவுக்குச் சத்தியக் கடதாசியோ? நாளைக்குப் பூவுக்கு அடையாள அட்டையும் எடுப்பம்." கடதாசியின் பின்பக்கத்தில் செதிள் காயவைத்தாள். நல்ல தடித்த கடதாசி என்றாள்.

இரத்தினேஸ்வரி அம்மா என்னை ஏசவில்லை. ஏசினால் லேசாக இருந்திருக்கும். ஒருநாள் மட்டும், நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, தன்பாட்டில் சொல்வதுபோல் சொன்னார்: "எங்கட கையில மீன் மணக்கிறதெண்டு எங்களுக்குத் தெரியும் பிள்ளை. அதுக்காகத்தான் அவள் அவ்வளவு தரம் குளிச்சவள்."

இப்போது மாசி. வேலை நிற்கவில்லை. பஸ்மியா நிக்காஹ் தட்டுகளுக்கும் மருதோண்டிப் பெண்களின் கைச்சரத்துக்கும் ஓடர் பிடித்துத் தருகிறாள், அவர்களுக்குச் செதிளில் ஒரு பிரச்சினையும் இல்லை, அழகாயிருந்தால் போதும். ஆனால் கோயில் கலியாணத்துக்கு ஒருவரும் வரவில்லை. அந்தச் சடை அலுமாரியின் கீழ்த் தட்டில், பெட்டிகளுக்குப் பின்னால், அதே மஞ்சள் துணியில் இருக்கிறது. முந்நூற்று ஐம்பத்தெட்டுப் பூ.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் போகிறேன். போகாமல் இருப்பது சரியா, போவது சரியா என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் யோசிப்பேன். போனால் அவள் வராதே என்று சொல்வதில்லை. செதிள் அலசிக் கொடுக்கிறேன். அவள் பார்க்காத நேரம் ஒரு செதிள் பூவையும் ஒரு துணிப் பூவையும் எடுத்து யன்னலடியில் பிடித்துப் பார்ப்பேன். வளையக் கோடு சிலவேளை தெரிகிறது. சிலவேளை அது நான் தெரியவேண்டுமென்று நினைப்பதால் தெரிகிறதோ என்று சந்தேகம் வந்துவிடும்.

இரண்டு கிழமைக்கு முன் ஒரு ஞாயிறு, நிலாவெளியிலிருந்து ஓர் அம்மா வந்தார். பங்குனியில் மகளுக்குக் கோயிலில் கலியாணம். ஜெயரூபியின் அல்பத்தில் வெளிக்கிடுத்துகிற அறையில் எடுத்த ஒரு படத்தில் அந்தச் சடையைக் கண்டாராம். கதையையும் கேட்டிருக்கிறார், ஒளிக்கவில்லை. மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள் என்றார். ஆவணிக்குப் பிறகு கோயில் கலியாணமென்று வாசலுக்கு வந்த முதல் ஆள் அவர். துஷாந்தி கையைக் கழுவி, துடைத்து, கதிரையை இழுத்துப் போட்டாள். அவள் குரல் மாறியிருந்தது. பாயில் ஒரு பக்கம் பஸ்மியாவின் தட்டுக்கான செதிள் பூக்கள், மறுபக்கம் அவள் சும்மா கட்டிப் பார்த்த துணிப் பூக்கள். நடுவிலிருந்து ஒரு மல்லிகையை அந்த அம்மா எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.

"இது துணிதானே பிள்ளை?"

"ஓம் அம்மா. துணி."

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பத்தான் விரும்பினார், முகத்தில் தெரிந்தது. பிறகு அடுப்படியில் நின்ற என் பக்கம் திரும்பினார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டார்.

"நீங்கள் சிநேகிதியோ? நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

கையை என்னிடம் நீட்டினார். நான் பூவைப் பார்த்தேன். யன்னல் எனக்குப் பின்னால் இருந்தது, என் நிழல் அவருடைய கையில் விழுந்தது. வளையம் ஒன்று தெரிவதுபோல் இருந்தது. இழை ஒன்று தெரிவதுபோலவும் இருந்தது. இந்தத் தடவை பிழைவிடக்கூடாது, உண்மையாகப் பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். விரலால் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். துஷாந்தி ஏற்கெனவே துணி என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. அது போதுமென்று எனக்குத் தோன்றவில்லை.

"துணியெண்டுதான் நினைக்கிறன்," என்றேன்.

அந்த அம்மாவின் கை மெல்ல மூடியது. "நினைக்கிறீங்களோ," என்றார். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை.

வீட்டில் கதைத்துவிட்டு வருவதாகச் சொல்லி எழும்பினார். பூவைப் பக்குவமாகப் பாயில் வைத்துவிட்டுப் போனார். துஷாந்தி வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தாள். பாயில் இருந்து, அந்தப் பூவை எடுத்து, கம்பியை நேராக்கி, 'துணி' என்று எழுதிய பெட்டியில் போட்டு மூடினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து மணலைச் செதிளைக் கட்டத் தொடங்கினாள்.

"தண்ணி கொதிக்குது," என்றாள். "இறக்கு."

இறக்கினேன். அந்த அம்மா இன்றுவரை வரவில்லை.